மூன்றாம் மாடிக்குப் போன பில்

தவரத்தினம் மாமா ஐந்தாம் மாடியிலிருந்து இறங்க விரும்பினார். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

லா சப்பலில், ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெருவில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம் அது. ஐந்தாம் மாடிக்கு மேலே கூரைதான். அவருக்கு அறுபத்து மூன்று வயது. முப்பது வருடம் முழங்காலில் நின்று சுவர் வேலை செய்ததில் இரண்டு மூட்டுகளும் தேய்ந்துவிட்டன. போன வருடம் வரை நீட்டுப் பாணும் மரக்கறியும் வாங்க நாளுக்கு ஒருமுறை இறங்கி ஏறினார். இந்த மாரிக் குளிரில் கிழமைக்கு இரண்டுமுறை ஆகிவிட்டது. பொபினியில் லிஃப்ட் உள்ள கட்டடத்தில் ஒரு சிறிய வீடு பார்த்து வைத்திருந்தார். வீட்டுக்காரர் மார்ச் கடைசி வரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். தன் ஐந்தாம் மாடி வீட்டை வாடகைக்கு விட்டால் அந்தக் காசில் பொபினி வாடகையைக் கட்டிவிடலாம். அதற்கு ஒரேயொரு காகிதம்தான் தேவைப்பட்டது. வீடு எவ்வளவு மின்சாரம் தின்கிறது, எவ்வளவு சூட்டை வெளியே விடுகிறது என்று A முதல் G வரை எழுத்துப் போட்டுத் தரும் சான்றிதழ். G வந்தால் இந்த வருடத்திலிருந்து வீட்டை வாடகைக்கு விட முடியாது. சட்டம்.

நான் இரண்டரை வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்து ஆர்ஜொந்தெயில் அப்பா அம்மாவின் வீட்டுச் சோபாவில், இருபத்தொன்பது வயது மகள், படுத்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் இருக்கப் பிடிக்காமல் தினமும் ரயிலேறி லா சப்பலுக்கு வந்துவிடுவேன். யாருக்காவது கடிதம் வாசித்துச் சொல்வேன், படிவம் நிரப்பிக் கொடுப்பேன். அப்படித்தான் மாமா என்னைக் கூப்பிட்டார். அவருடைய பிரெஞ்சு கட்டட வேலைத்தளத்துப் பிரெஞ்சு. அளவு, கருவி, அவசரம், திட்டு, எல்லாம் வரும். திட்டில் பாதி போர்த்துக்கீசம். சான்றிதழ் எழுத வருகிறவரோடு அந்தப் பிரெஞ்சில் கதைக்க அவருக்குக் கூச்சம்.

அவர் எண்பத்தெட்டில் ஊரிலிருந்து வந்தவர். முதலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். ஒருநாள் சமையலறைக் கூரையில் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. அதைத் திருத்த வந்த போர்த்துக்கீசர் பிளாக்கோ என்கிற ஜிப்சம் பலகையை வெட்டிப் பொருத்திப் பூசியதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், கோப்பைகளை மறந்துபோனார். அடுத்த கிழமை அந்த மனிதரின் வண்டியில் வேலைக்கு ஏறிவிட்டார். பிறகு எங்கள் ஆட்களுக்குள் அவர் பெயரே ‘பிளாக்கோ தவம்’. அவர் பூசிய சுவரில் பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பார்த்தாலும் இரண்டு பலகை சேரும் இடம் தெரியாது. புது வீடு குடிபூரலுக்கு வருகிறவர்கள் தொலைக்காட்சியைப் பாராட்டுவார்கள், சோபாவைப் பாராட்டுவார்கள். சுவரை யார் பாராட்டுவார்? அதைப் பற்றி அவருக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. தன் வீட்டுச் சுவரில் மட்டும் அவர் ஓர் ஆணியும் அடிக்கவில்லை. கலண்டர் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தில் தொங்கும். சாமிப் படங்கள் அலுமாரி மேல் சாய்ந்து நிற்கும்.

அந்த வீட்டை வாங்கிய முதல் மாரியில் அவருடைய மனைவி கோசலை மாமி இரவு முழுதும் இருமினாராம். அடுத்த வருடம், இரண்டாயிரத்துப் பதினொன்றில், மாமா வெளிச்சுவர் எல்லாவற்றுக்கும் சூடு வெளியே போகாமல் பத்துச் சென்ரிமீற்றர் கண்ணாடிப் பஞ்சும் கூரைக்குக் கீழே இருபதும் வைத்து, மேலே பலகை அடித்துப் பூசினார். பகலில் மற்றவர்களின் வீடு, மாலையில் தன் வீடு. அதற்குப் பிறகு மாமி ஏழு மாரிகள் அந்த வீட்டில் இருந்தார். இருமல் வரவில்லை என்று மாமா சொல்வார். மாமி காலமானது வேறு நோயில்.

சான்றிதழ் எழுத வந்தவர் பெயர் அலெக்சிஸ். என் வயதுதான் இருக்கும், மரியாதையான பையன். ஐந்து மாடி ஏறி வந்த மூச்சோடு குளிர்ச்சட்டையைக் கழற்றினார். லேசர் கருவியால் அறையை அளந்தார், ஜன்னல் கண்ணாடியின் தடிப்பைப் பார்த்தார், மின்சூடாக்கியின் பெயரைக் குறித்தார். சுவருக்குள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மாமா நான் மொழிபெயர்க்கும் வரை காத்திருக்கவில்லை. எத்தனை சென்ரிமீற்றர், எந்த வகை என்று தானே சொன்னார். அலெக்சிஸ் தட்டிப் பார்த்தார். பிளக் ஒன்றின் மூடியைக் கழற்ற முடியுமா என்று கேட்டுக் கழற்றிப் பார்த்தார். மாமா வைத்த பிளக் பெட்டி, சுற்றிவர இடைவெளியில்லாமல் அடைபட்டிருந்தது. உள்ளே இருந்த பஞ்சு தெரியவில்லை. வேலை செய்தவர் தந்த பில் இருக்கிறதா என்று கேட்டார்.

மாமா நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். “நான்தான் வேலை செய்தது எண்டு சொல்லும் பிள்ளை.”

சொன்னேன். அலெக்சிஸ் சிரித்தார், ஆனால் அவருக்கும் சங்கடமாக இருந்தது. கண்ணால் காணாததையும் காகிதத்தில் இல்லாததையும் அவர் கணக்கில் எடுக்க முடியாது. கட்டடத்தின் வயதைப் பார்த்து வெறுஞ்சுவர் என்றுதான் போட வேண்டும். அப்படிப் போட்டால் G. இதைச் சொல்லும்போது அவர் சேர்ட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார். வீடு அவ்வளவு சூடாக இருந்தது. பஞ்சு வாங்கிய பில்லாவது கிடைத்தால் பத்து நாளைக்குள் அனுப்புங்கள், அதுவரை அறிக்கையைப் பதிவு செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமா யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது. பஞ்சை வாங்கியது என் அப்பாவின் அட்டையில். அப்பா அப்போது சின்னதாகப் பெயின்ற் கொம்பனி வைத்திருந்தார், கட்டடச் சாமான் கடையில் அவருக்கு விலைக்கழிவு கிடைக்கும். பில் அப்பாவின் பெயரில், எங்கள் விலாசத்துக்கு வந்தது. நாங்கள் அப்போது அதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருந்தோம்.

“பில்லிலை ஆற்றை பேர் இருந்தால் என்ன எண்டுதான் அப்ப இருந்தனாங்கள்,” என்றார். “ரெலிபோன் ஒராளின்ரை பேரிலை, அறை இன்னொராளின்ரை பேரிலை, வேலைக்குப் போறது மூண்டாம் ஆளின்ரை விசாவிலை. பேரைப் பாத்தோ வாழ்ந்தனாங்கள்? கொப்பரிட்டை ஒருக்கால் கேட்டுச் சொல்லுமன்.”

அப்பாவிடம் கேட்கிறேன் என்று சொன்னேன். ஆனால் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பில் எங்கே இருக்கிறது என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு இலையுதிர் காலத்தில் நான் பொலிவியாவில் இருந்தேன். அம்மாவும் அப்பாவும் ஆர்ஜொந்தெய்க்குப் போய்விட்டார்கள், மூன்றாம் மாடியை வாடகைக்கு விட இருந்தார்கள். சான்றிதழ் எழுதுகிறவருக்கு ஒரு கடிதம் பிரெஞ்சில் எழுதித் தா என்று அப்பா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். பழைய பில்லின் படம். கண்ணாடிப் பஞ்சு, இத்தனை கட்டு, எங்கள் பெயர், எங்கள் விலாசம். நான் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் நாலு வரி எழுதினேன்: எங்கள் வீட்டு வெளிச்சுவர்களுக்குப் பஞ்சு வைத்ததற்கான பில்லை இத்துடன் இணைத்துள்ளேன். அனுப்பிவிட்டுப் பஸ் ஏறினேன். மூன்றாம் மாடிக்கு D கிடைத்தது. அந்த வாடகையில் ஒரு பங்கு மாதாமாதம் எனக்கு வந்தது. அடுத்த இரண்டு வருடம் நான் சுற்றியது அந்தக் காசிலும்தான்.

தெரியாமல் எழுதினேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. அந்தப் பஞ்சுக் கட்டுகள் லொறியில் வந்து இறங்கிய நாள் எனக்குப் பதினைந்து வயது. நானும் நாலு கட்டுத் தூக்கினேன். எங்கள் வாசலைத் தாண்டி, மேலே, ஐந்தாம் மாடிக்கு. எங்கள் வீட்டுச் சுவருக்குள் ஒன்றும் இல்லை என்பதும் தெரியும். அந்தச் சுவரோரம்தான் என் கட்டில். பள்ளிக்கூடத்துக் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு நான் படுத்த இரவுகள் உண்டு.

அன்று வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன். அவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். பதினாலு வருடத்துப் பில், எங்கே போனதோ என்றார். என் கைபேசியில் இருக்கிறது என்றேன். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். ஒரே பில்லை ஒரே கட்டடத்தில் இரண்டு வீட்டுக்குக் காட்டினால் இரண்டையும் தோண்டுவார்கள், குடியிருக்கிறவர்கள் வழக்குப் போடுவார்கள், பிறகு அம்மாவையும் என்னையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று மெதுவாக, நியாயமாகச் சொல்லிக்கொண்டு போனார். தவத்துக்கு வேறு வழி வரும் என்றார். நான் அவரைப் பொய்க்காரர் என்றேன்.

“எழுதி அனுப்பினது நீதானே,” என்றார் அப்பா.



பத்து நாளில் எட்டு நாள் போனது. ஒவ்வொரு நாளும் மாமாவிடம் போனேன். அவருக்குப் பாணும் மரக்கறியும் வாங்கிக்கொண்டு போனேன். குற்றத்தைப் பையில் போட்டுத் தூக்கினால் கொஞ்சம் குறையும் என்று நினைத்தேனோ என்னவோ. அவர் ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

“கொப்பர் தேடுறாரோ பிள்ளை?”

“தேடுறார் மாமா.”

அவர் தலையாட்டுவார். பழைய பெட்டிகளைத் தூக்கி இறக்க வேண்டாம் என்று கொப்பரிடம் சொல்லும், அவருக்கு முதுகு ஏலாது என்பார். ஒருநாள் நான் ஏறும்போது நாலாம் மாடிப் படியில் உட்கார்ந்திருந்தார். கடிதப் பெட்டியைப் பார்க்க இறங்கியவர். கடிதம் ஒன்றும் இல்லை. ஏற முடியாமல் இருபது நிமிடமாக அங்கே இருக்கிறார். என்னைக் கண்டதும், இருந்து பார்த்தால்தான் இந்தப் படிக்கட்டுக்கு எவ்வளவு மோசமாகப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள் என்று தெரிகிறது என்றார். கையைக் கொடுத்து எழுப்பினேன். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் அவரே எனக்குத் தொலைபேசி எடுத்தார். அலெக்சிஸோடு தானே கதைத்துவிட்டாராம், தன்னுடைய பிரெஞ்சில். சான்றிதழ் எழுதுகிறவர் சுவரை உடைக்கக்கூடாது. ஆனால் வீட்டுக்காரர் தானே திறந்துவிட்டு, அவர் கண்ணால் கண்டு அளந்தால் எழுதலாம். “இதை முதலே கேட்டிருக்கலாம்,” என்றார். குரலில் சந்தோசம் இருந்தது.

நான் போனபோது பழைய படுக்கை விரிப்பைத் தரையில் விரித்து, கதிரையில் உட்கார்ந்து, சுவரில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஒரு சதுரம், ஒரு முழம் அகலம். முழங்காலில் நிற்க முடியாததால் நெஞ்சு உயரத்தில். அலெக்சிஸ் வந்ததும் மாமா பலகை அறுக்கும் கைவாளின் நுனியைச் சுவரில் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பதினாலு வருடமாக ஓர் ஆணியும் ஏறாத சுவர். பிறகு உள்ளங்கையால் பிடியைத் தட்டி இறக்கினார்.

அந்த நேரத்தில் என் சட்டைப் பையில் கைபேசி இருந்தது. கைபேசிக்குள் பில் இருந்தது. நிறுத்துங்கள் என்று ஒரு சொல் போதும். நான் தூசு உறிஞ்சும் குழாயை வெட்டுக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றேன்.

பலகைத் துண்டு ஒரே துண்டாகக் கழன்று வந்தது. உள்ளே பஞ்சு நேற்று வைத்ததுபோல் மஞ்சளாக இருந்தது. ஈரமில்லை, சரியவில்லை. அலெக்சிஸ் அளவுகோலைச் செருகிப் பார்த்துப் பத்து என்றார். படம் எடுத்தார். கூரைக்குக் கீழேயும் ஒரு துண்டு. இந்தமுறை நான் ஏணியில் ஏறி, மாமா கீழே நின்று சொல்லச் சொல்ல வெட்டினேன். இருபது. இவ்வளவு ஒழுங்காக வைத்ததைத் தான் அதிகம் கண்டதில்லை என்று அலெக்சிஸ் சொன்னார். மாமா அதை என்னிடம் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். அவருக்கு விளங்கியிருந்தது, இருந்தாலும் கேட்டார். E வரும், வாடகைக்கு விடலாம் என்று சொல்லிவிட்டு அலெக்சிஸ் போனார்.

மாமா தேத்தண்ணி வைத்தார். அவரை அவ்வளவு உசாராக நான் கண்டதில்லை.

“இனித் தேட வேண்டாம் எண்டு கொப்பரிட்டைச் சொல்லும். பாவம், மனுசன் ஒரு கிழமையாக் கஷ்டப்பட்டிருப்பார்.”

அப்போதுதான் சொன்னேன். பில் எங்கே போனது, யார் எழுதியது, யாருக்குத் தெரியும், எத்தனை நாளாகத் தெரியும். எல்லாவற்றையும் அந்த வெட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை.

அவர் கைவாளில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளை விரலால் துடைத்தார்.

“நீர் அண்டைக்கு நாலு கட்டுத் தூக்கினனீர்,” என்றார். “கை முழுக்கக் கடிக்குது எண்டு அழுதனீர். கோசலைதான் எண்ணெய் பூசிவிட்டவ.”

“ஓம் மாமா.”

“மூண்டாம் மாடிக்குப் பலகை அடிச்சதும் நான்தான். உள்ளுக்கு ஒண்டும் வைக்கேல்லை. பாக்க வடிவா இருந்தால் போதும் எண்டு கொப்பர் சொன்னவர். நானும் ஒரு கதை கதைக்காமல் அடிச்சுப் பூசிக் குடுத்தனான். தட்டிப் பாத்தால் இதுவும் அதுவும் ஒரே சத்தம்தான்.” கைவாளைக் கீழே வைத்தார். “இப்ப அங்கை ஆர் இருக்கினம்?”

ஒரு இளம் குடும்பம், சின்னப் பெண் குழந்தை என்றேன்.

“பிள்ளையின்ரை கட்டில் எந்தச் சுவரோடை?”

எனக்குத் தெரியவில்லை. அவர்கள் குடிவந்த பிறகு நான் உள்ளே போனதே இல்லை.

விரிப்பைச் சுருட்டக் குனிந்தேன். விடும், நான் பார்க்கிறேன் என்றார். சுவரை மூட எப்போது வரட்டும் என்று கேட்டேன். தானே மூடுவதாகச் சொன்னார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் நின்றிருப்பேன். “நீர் போம் பிள்ளை,” என்றார். தேத்தண்ணி அப்படியே இருந்தது.

மார்ச் இருபத்தெட்டாம் திகதி அவர் பொபினிக்குப் போய்விட்டார். சாமான் இறக்க என்னைக் கூப்பிடவில்லை. போய்விட்டார் என்பதே எனக்குக் கடையில் ஒருவர் சொல்லித்தான் தெரியும். சுவரை மூடிவிட்டுத்தான் போயிருக்கிறார், வெட்டின இடம் தெரியவில்லை என்றும் அவர் சொன்னார்.

ஆனால் அவர் என்னைப் போகச் சொன்ன அன்று நான் நேரே கீழே இறங்கிப் போகவில்லை. மூன்றாம் மாடியில் நின்றேன். நான் பிறந்து வளர்ந்த வீட்டுக் கதவு. திரும்பி வந்த நாலு மாதத்தில் அதைத் தாண்டி எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பேன். குடியிருக்கிறவர்கள் அப்பாவின் விசயம் என்று ஒருமுறையும் மணி அடித்ததில்லை. அடித்தேன்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்குள் கம்பளிச் சட்டையும் கழுத்துத் துணியும் போட்டிருந்தாள். பெயர் ஹரிப்பிரியா என்று பிறகு தெரிந்தது. நான் வீட்டுக்காரரின் மகள் என்று சொன்னதும் அவள் முகம் மாறியது. கழுத்துத் துணியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டாள், அதைப் போட்டிருந்தது ஏதோ பிழை என்பதுபோல்.

“அறைச் சுவரிலை கறுப்புப் பூஞ்சணம் பிடிச்சதைப் பாக்கத்தானே அக்கா வந்தனீங்கள்? நான் ஒவ்வொரு கிழமையும் துடைக்கிறனான். சமைக்கேக்கை ஜன்னலும் திறந்துதான் விடுறனான். எங்கடை சமையல் ஆவியாலைதான் பிடிக்குது எண்டு வீட்டுக்கார ஐயா சொன்னவர். இனிக் கவனமா இருப்பம்.”

உள்ளே வரச் சொன்னாள். என் பழைய அறையில் குழந்தையின் கட்டில் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றது. இடைவெளியில் ஒரு தடித்த போர்வையைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். போர்வையின் அடி ஈரமாக இருந்தது. குழந்தை தொப்பி போட்டபடி தூங்கிக்கொண்டிருந்தது.

“நல்ல வீடுதான் அக்கா,” என்றாள் அவள் தாழ்ந்த குரலில். “பேப்பரிலை D எண்டு போட்டிருக்கு. எங்களுக்குத்தான் சூடாக்கியைப் பாவிக்கத் தெரியேல்லைப் போலை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

காகிதத்தில் இருப்பது பொய் என்றேன். சுவருக்குள் ஒன்றும் இல்லை, அந்தப் பொய்யை எழுதினது நான்தான் என்றேன். வீட்டைத் திரும்ப அளக்கச் சொல்லி நீங்கள் கேட்கலாம், நான் சாட்சி சொல்கிறேன் என்றேன்.

அவள் என்னை நம்பவில்லை. வீட்டைவிட்டு எழும்பச் சொல்லத்தான் நான் ஏதோ வழி தேடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். “இல்லை அக்கா, நாங்கள் துடைக்கிறம்,” என்றாள் மறுபடி. நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பஞ்சு லொறியில் வந்து இறங்கிய நாளிலிருந்து அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன்.